அத்தியாயம் 9: குறை சொன்னபோது என்ன செய்தீர்கள்?

நேர்காணலில் இந்தக் கேள்வி ஒரே உருவில் வராது. ‘உங்கள் மேலாளர் கடைசியாக உங்களிடம் சொன்ன குறை என்ன?’ என்று நேராகக் கேட்பார்கள். ‘கடுமையான ஃபீட்பேக் வாங்கிய ஓர் அனுபவத்தைச் சொல்லுங்கள்’ என்பார்கள். ‘இப்போது உங்கள் டீம் லீடுக்கு போன் போட்டால், உங்களிடம் எதை மாற்றச் சொல்வார்?’ என்று சுற்றிவளைத்தும் கேட்பார்கள். மூன்றுக்கும் தயாரிப்பு ஒன்றுதான்.

உங்களை வேலைக்கு எடுத்தால் ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஒன்றில் உங்களைத் திருத்த வேண்டிவரும் என்பது எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். அன்றைக்கு நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வீர்களா, மூன்று நாள் பேசாமல் இருப்பீர்களா, வேலையை மாற்றிச் செய்வீர்களா என்று இன்றைக்கே பார்க்க நினைக்கிறார். அந்தக் கவலை நியாயமானது. ஆவ்ரஹாம் க்ளூகர், ஆஞ்சலோ டெனிசி என்ற இரு உளவியலாளர்கள் ஃபீட்பேக் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளை 1996-இல் தொகுத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில், ஃபீட்பேக் கொடுத்த பிறகு வேலையின் தரம் குறைந்திருந்தது. சொன்னால் திருந்திவிடுவார் என்று யாரையும் நம்பி எடுக்க முடியாது. அதனால்தான் பழைய சம்பவத்தைச் சான்றாகக் கேட்கிறார்கள்.

நாம் வளர்ந்த விதத்தில் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பெரியவர்கள் கண்டித்தால் தலையைக் குனிந்து ‘சரிங்க சார்’ என்பதே மரியாதை என்று வீட்டிலும் பள்ளியிலும் பழகியிருக்கிறோம். நேர்காணலிலும் அதுவே வாயில் வருகிறது: ‘சொன்னாங்க, ஏத்துக்கிட்டேன், மாத்திக்கிட்டேன்.’ பணிவான பதில்தான். ஆனால் கேட்பவர் கையில் எதுவும் சிக்குவதில்லை. குறையைக் கேட்ட பிறகு நீங்கள் திரும்பக் கேட்ட கேள்வி என்ன என்பதில்தான் இந்தப் பதிலின் உயிர் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள ஆறு படிகளில் நான்காவதுக்கு அதிக நேரம் கொடுங்கள்.

படி 1: சம்பவங்களைத் தோண்டி எடுங்கள்

நினைவை மட்டும் நம்பாதீர்கள். ‘குறை’ என்றதும் முதலில் நினைவுக்கு வருவது மனதைப் புண்படுத்திய சம்பவமாகத்தான் இருக்கும். அதைச் சொல்லும்போது குரலிலேயே கசப்பு ஏறிவிடும். பதிலாக, எழுத்தில் இருப்பவற்றைப் பாருங்கள்:

• கடைசி இரண்டு அப்ரைசல் படிவங்களில் ‘முன்னேற வேண்டியவை’ என்ற கட்டம்.
• மென்பொருள் வேலை என்றால், கோட் ரிவ்யூவில் திரும்பத் திரும்ப வந்த ஒரே மாதிரியான கமென்ட்.
• தொழிற்சாலை என்றால், ஆடிட்டில் உங்கள் பகுதியில் விழுந்த குறிப்புகள், வாடிக்கையாளர் புகாருக்கு நீங்கள் எழுதிய பதில் அறிக்கைகள்.
• மருத்துவமனை என்றால், ஷிப்ட் மாறும்போது இன்சார்ஜ் சிஸ்டர் சுட்டிக்காட்டியவை.
• முதல் வேலை தேடுபவர் என்றால், இறுதியாண்டு புராஜெக்டின் முதல், இரண்டாம் ரிவ்யூக்களில் பேனல் சொன்னவை. இன்டர்ன்ஷிப் வழிகாட்டி சொன்னவை. பகுதிநேரமாகக் கடையில் நின்றபோது முதலாளி சொன்னவையும் சேரும்.

ஐந்தாறு சம்பவங்களை ஒவ்வொன்றும் இரண்டு வரியில் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரே ஒரு கதையோடு போனால், ‘வேறொன்று சொல்லுங்கள்’ என்றதும் கை காலியாகிவிடும்.

எச்சரிக்கை: இதற்காக அலுவலக மெயிலையோ அப்ரைசல் கோப்பையோ சொந்த முகவரிக்கு அனுப்பாதீர்கள். பல நிறுவனங்கள் வெளியே போகும் மெயிலைக் கண்காணிக்கின்றன. வேலை தேடுவது தெரிவதோடு, தகவலை வெளியே எடுத்தீர்கள் என்ற புகாரும் சேரும். பார்த்துவிட்டு, உங்கள் சொற்களில் கையால் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: சலித்து எடுங்கள்

ஹார்வர்ட் சட்டக் கல்லூரியில் கற்பிக்கும் டக்ளஸ் ஸ்டோன், ஷீலா ஹீன் இருவரும் 2014-இல் வந்த தங்கள் நூலில் ஃபீட்பேக்கை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: பாராட்டு, பயிற்றுவிப்பு, மதிப்பீடு. ‘இந்த வருஷம் ரேட்டிங் மூன்றுதான்’ என்பது மதிப்பீடு. ‘மீட்டிங்கில் எதிராளி முடிக்கும் முன்பே பேச ஆரம்பிக்கிறீர்கள்’ என்பது பயிற்றுவிப்பு. உங்கள் நோட்டில் இரண்டாவது வகையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரேட்டிங் குறைந்த கதையை எடுத்தால், நியாயமா அநியாயமா என்ற வாதத்துக்குள் நீங்களே போய் மாட்டிக்கொள்வீர்கள்.

இவற்றை அடித்துவிடுங்கள்:

1. போகும் வேலைக்கே அடிப்படையான குறை. கணக்காளர் வேலைக்குப் போகிறவர், கணக்கு டேலி ஆகாமல் திட்டு வாங்கியதைச் சொல்லக்கூடாது. செவிலியர், மருந்தின் அளவு மாறியதைச் சொல்லக்கூடாது.
2. நேர்மை சார்ந்தது. வராத நாளுக்கு வருகை போட்டது, பொய் பில் கொடுத்தது போன்றவை.
3. குறைபோல் வேடமிட்ட பெருமை. ‘ரொம்ப நேரம் உழைக்கிறேன்னு சொன்னாங்க’ என்பதை நேர்காணல் நடத்துபவர்கள் சலிக்கச் சலிக்கக் கேட்டிருக்கிறார்கள்.
4. போன மாதம் நடந்தது. மாறியதற்குச் சான்று காட்ட இன்னும் காலம் ஆகவில்லை.
5. அவமதிப்பு. சாதி, உடை, உருவம், குடும்பம் பற்றி ஒருவர் பேசியது ஃபீட்பேக் கணக்கில் வராது. பாலியல் தொல்லையை ‘கடுமையான மேலாளர்’ கதையாக மாற்றிச் சொல்லவே வேண்டாம். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் அதற்கென உள்ளகக் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் அங்கே எழுத்தில் புகார் கொடுக்கலாம்.

மிஞ்சுவது பெரும்பாலும் வேலை செய்யும் முறை பற்றிய குறையாக இருக்கும்: தாமதமாகத் தகவல் சொல்வது, நீண்ட மெயில் எழுதுவது, வேலையைப் பிரித்துக் கொடுக்காமல் தானே இழுத்துப் போட்டுக்கொள்வது, பிரச்சினையைக் கேட்டு முடிக்கும் முன் தீர்வு சொல்வது. நல்ல பதில்கள் இங்கிருந்துதான் வருகின்றன.

அடித்துவிடச் சொன்னவற்றில் மூன்றாவதைப் பற்றி ஒரு சொல் கூடுதலாக. அமேசான் பொதுவில் வெளியிட்டிருக்கும் 16 தலைமைக் கொள்கைகளில், நம்பிக்கையைச் சம்பாதிப்பது பற்றிய ஒன்று, சங்கடமாக இருந்தாலும் தன் குறையை வாய்விட்டுச் சொல்பவரையே தலைவர் என்கிறது. அப்படி எழுதி வைத்திருக்கும் நிறுவனத்தில் போய் வேடமிட்ட பெருமையைச் சொன்னால், கேட்ட கேள்விக்கே பதில் சொல்லவில்லை என்றாகும்.

படி 3: அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள்

‘கம்யூனிகேஷனில் முன்னேறச் சொன்னார்கள்’ என்று எழுதினால் அது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். அன்று காதில் விழுந்த வாக்கியம் என்ன? ‘உங்க மெயிலைப் படிச்சா என்ன செய்யணும்னு கடைசி வரியிலதான் தெரியுது’ என்று சொன்னாரா? அதை எழுதுங்கள். அந்த ஒரு வாக்கியத்தில் சொன்னவரும் தெரிவார், நிலைமையும் தெரியும், நீங்கள் எதையும் மழுப்பவில்லை என்பதும் தெரியும்.

வசைச்சொல் இருந்தால் அதை மட்டும் விட்டுவிட்டு, கருத்தை வையுங்கள்.

படி 4: நீங்கள் திரும்பக் கேட்டது என்ன?

குறை சொல்பவர்கள் பெரும்பாலும் அரைகுறையாகத்தான் சொல்வார்கள். ‘பொறுப்பு போதாது’, ‘ஓனர்ஷிப் எடுக்கணும்’, ‘இன்னும் சீரியஸா இருங்க’. இதைக் கேட்டு ‘சரி’ என்று எழுந்து வந்தவருக்கு, நாளைக் காலையில் எதை வேறு மாதிரி செய்வது என்று தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் கேள்வி. பதிலுக்குப் பதில் வாதாடுவது வேறு. எதிர்த்துப் பேசாமல் தெளிவு கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கும்:

• எடுத்துக்காட்டு கேட்பது: ‘கடைசியா எந்த இடத்துல இப்படி நடந்துச்சு சார்?’
• அளவு கேட்பது: ‘எத்தனை நாள் தள்ளினா உங்ககிட்ட வரணும்?’
• மாதிரி கேட்பது: ‘நம்ம டீம்ல இதை நல்லாச் செய்றவங்க யாரு மேடம்? அவங்க எழுதினதைப் பார்க்கலாமா?’
• மறுபார்வை கேட்பது: ‘ஒரு மாசம் கழிச்சு இதை மட்டும் பார்த்துச் சொல்றீங்களா?’

உங்கள் சம்பவத்தில் இவற்றில் எதைக் கேட்டீர்கள் என்று நினைவுபடுத்துங்கள். உடனே கேட்காமல் மறுநாள் கேட்டிருந்தாலும் அது கணக்கில் வரும். சொல்லப்போனால் அது இன்னும் நம்பும்படி இருக்கும். ‘அன்னைக்கு எனக்கு வருத்தமா இருந்தது, ஒண்ணும் பேசல. மறுநாள் காலைல போய்க் கேட்டேன்’ என்று சொல்லும் ஆளை யாரும் குறைத்து மதிப்பிட மாட்டார்கள். வருத்தமே இல்லை என்பவரை நம்புவதுதான் கடினம்.

எதுவுமே கேட்கவில்லையா? கேட்டதாகக் கற்பனை செய்யாதீர்கள். வேறு வழியில் எப்படித் தெளிவு தேடினீர்கள் என்று பாருங்கள்: சக ஊழியரிடம் விசாரித்தது, பழைய மெயில்களை எடுத்து நீங்களே ஒப்பிட்டது. அதுவும் இல்லையென்றால் அந்தச் சம்பவத்தை விட்டுவிட்டு நோட்டில் அடுத்ததுக்குப் போங்கள்.

குறிப்பு: இன்னும் வேலையில் இருப்பவர் இந்த வாரமே ஒரு புதிய சம்பவத்தை உண்டாக்கிக்கொள்ளலாம். மேலாளரிடம் போய், ‘நான் அனுப்பும் வாராந்திர ரிப்போர்ட்டில் எதை மாற்றினால் உங்களுக்கு உதவியாக இருக்கும்?’ என்று கேளுங்கள். மூன்று மாதம் கழித்துப் போகும் நேர்காணலுக்கு உங்களிடம் ஓர் உண்மைக் கதை இருக்கும்.

படி 5: கண்ணுக்குத் தெரியும் மாற்றம் ஒன்று

‘அதுக்கப்புறம் ரொம்ப முன்னேறிட்டேன்’ என்பது சான்று ஆகாது. அடுத்தவர் பார்க்கக்கூடிய ஏதாவது ஒன்று வேண்டும்: புதிதாக ஆரம்பித்த செக்லிஸ்ட், ஷீட்டில் சேர்த்த ஒரு நெடுவரிசை (காலம்), தினமும் ஒரே நேரத்தில் அனுப்பிய தகவல். பிறகு அதன் பலன். எண் இருந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எண்ணை உருவாக்காதீர்கள். ‘அடுத்த ரிவ்யூவில் அந்தக் கமென்ட் வரவில்லை’ என்பதே போதுமான பலன்.

படி 6: இரண்டு நிமிடத்துக்குள் கட்டுங்கள்

சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்று நான்காகப் பிரிக்கும் ‘ஸ்டார்’ முறையைப் பயிற்சி மையங்களில் கற்றிருப்பீர்கள். இந்தக் கேள்விக்கு அதோடு மூன்றைச் சேர்க்க வேண்டும்: சொன்ன சொல், உங்கள் மனநிலை, திரும்பக் கேட்ட கேள்வி. வரிசை இதுதான்: சூழலும் பொறுப்பும் இரண்டு வாக்கியம். சொன்ன சொல் ஒன்று. உங்கள் மனநிலை ஒன்று. நீங்கள் கேட்ட கேள்வியும் கிடைத்த பதிலும். செய்த மாற்றம். பலன்.

சூழலுக்கே பாதி நேரத்தைக் கொடுப்பதுதான் எல்லோரும் வழுக்கும் இடம். புராஜெக்டின் வரலாறு யாருக்கும் வேண்டாம்.

ஒரு மாதிரிப் பதில்

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கும் பெண், பெரிய நிறுவனத்தில் சீனியர் வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அமைத்த பதில் இது:

“ஒரு ஐரோப்பிய பையருக்கு டி-ஷர்ட் ஆர்டர் பார்த்துக்கிட்டிருந்தேன். கலர் அப்ரூவலுக்கு லேப் டிப் அனுப்பணும். டையிங் யூனிட்ல ஷேடு சரியா வராம ரெண்டு தடவை திரும்பச் செஞ்சாங்க. எப்படியும் பிடிச்சிடலாம்னு நான் மேனேஜர்கிட்ட சொல்லல. தெரிஞ்சப்ப அவர் சொன்னார்: ‘லேட் ஆனது எனக்குப் பிரச்சினை இல்லைங்க. லேட் ஆன பிறகு வந்து சொல்றீங்க பாருங்க, அதுதான் பிரச்சினை.’ ராத்திரி பகலா யூனிட்டுக்கு அலைஞ்சும் இப்படிச் சொல்றாரேன்னு முதல்ல வருத்தமாத்தான் இருந்தது. மறுநாள் போய், ‘எவ்வளவு தள்ளினா உங்ககிட்ட வரணும் சார்?’னு கேட்டேன். ‘தள்ளுமோன்னு சந்தேகம் வந்த அன்னைக்கே வாங்க. அப்பதான் நான் வேற யூனிட் பார்க்க முடியும்’னார். அதுவரைக்கும் சந்தேகத்தோட போனா திறமை இல்லைன்னு நினைப்பாங்கன்னு நினைச்சிருந்தேன். அன்னைலேர்ந்து டைம் அண்டு ஆக்‌ஷன் ஷீட்ல ‘சந்தேகம்’னு ஒரு காலம் சேர்த்து, திங்களும் வியாழனும் அவருக்கு அனுப்பினேன். அடுத்த சீசன்ல பிரிண்டிங் தள்ளும்போல இருந்தப்ப ஒரு வாரம் முன்னாடியே அதுல போட்டேன். அவர் வேலையை வேற யூனிட்டுக்குப் பிரிச்சார். சரக்கு கப்பல்லயே போச்சு. விமானத்துல அனுப்புற செலவு வரல. இப்ப மத்த மெர்ச்சண்டைசர்களும் அந்த ஷீட்டைத்தான் வச்சிருக்காங்க.”

இதில் எது வேலை செய்கிறது என்று பாருங்கள். பையரின் பெயர் இல்லை. டையிங் யூனிட்டின் மேல் பழி இல்லை. மேலாளர் நல்லவராகத் தெரிகிறார், ஆனால் புகழ்ச்சி இல்லை. கேள்வி கேட்டதால்தான் ‘வேறு யூனிட் பார்க்க முடியும்’ என்ற காரணம் வெளியே வந்தது. அந்தக் காரணம் தெரிந்த பிறகு வந்த மாற்றம் என்பதால் நம்ப முடிகிறது. ஏற்றுமதி தெரிந்தவருக்கு விமானச் செலவு என்ற ஒரு சொல்லிலேயே முழு எடையும் புரியும்.

முதல் வேலை தேடுபவருக்கு இவ்வளவு வேண்டாம். ‘இரண்டாம் ரிவ்யூவில், ஸ்லைடில் இருப்பதை அப்படியே படிக்கிறீர்கள், உங்களுக்குப் புரிந்ததா என்றே தெரியவில்லை என்றார்கள். எந்த ஸ்லைடில் அப்படித் தோன்றியது என்று கேட்டேன். சர்க்யூட் படத்தைக் காட்டினார்கள். இறுதி ரிவ்யூவுக்கு அந்தப் படத்தைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினேன்’ என்றால் நிறைவான பதில்.

ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியவர்களுக்கு

முதலில் தமிழில் நண்பரிடம் சொல்லிப் பாருங்கள். கதை ஓடத் தொடங்கிய பிறகு சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக்குங்கள். பத்தியாக எழுதி மனப்பாடம் செய்தால், நடுவில் ஒரு குறுக்குக் கேள்வி வந்ததும் முழுதும் மறந்துபோகும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் எழுதித்தரும் பதில்களுக்கும் இதே கதி; அவற்றில் உங்கள் மேலாளர் பேசிய சொல் ஒன்றுகூட இருக்காது. இன்னொன்று: ‘நாங்கள் செய்தோம்’ என்று சொல்லும் நம் பழக்கத்தை இந்த இரண்டு நிமிடத்துக்கு நிறுத்திவைத்து, ‘நான்’ என்று சொல்லுங்கள். குறை உங்களுக்குச் சொல்லப்பட்டது. மாற்றமும் உங்களுடையதாக இருக்கட்டும்.

குறுக்குக் கேள்விகள்

‘அந்த விமர்சனத்தோடு உங்களுக்கு உடன்பாடா?’ முழுக்க ஆமாம் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. எந்தப் பகுதி சரி என்று முதலில் சொல்லி, மீதியைப் பிறகு சொல்லுங்கள்.

‘அது இன்னமும் உங்களிடம் இருக்கிறதா?’ பழக்கங்கள் முழுதாகப் போவதில்லை. ‘வேலை நெருக்கும்போது பழையபடி ஆகப் பார்க்கும், அதுக்குத்தான் வாரம் ரெண்டு நாள் ஷீட் அனுப்புற வழக்கத்தை விடல’ என்பது போன்ற பதில் நல்லது.

‘அநியாயமான ஃபீட்பேக் வந்தால்?’ இங்கேதான் பலர் பழைய நிறுவனத்தைத் திட்ட ஆரம்பிக்கிறார்கள். உண்மையிலேயே அநியாயமாக இருந்திருக்கலாம். உங்கள் மனக்குறைக்கு மதிப்பும் உண்டு. ஆனால் எதிரில் இருப்பவருக்கு இரு தரப்பும் தெரியாது, நாளைக்குத் தன்னைப் பற்றியும் இப்படித்தான் பேசுவார் என்றே நினைப்பார். எனவே நடந்ததை வரிசையாக மட்டும் சொல்லுங்கள்: எடுத்துக்காட்டு கேட்டீர்கள், கிடைத்த தகவலை ஆவணத்தோடு சரிபார்த்தீர்கள், உங்கள் பக்கத்தை எழுத்தில் அமைதியாக வைத்தீர்கள், அதில் எடுத்துக்கொள்ளத்தக்க ஒன்று இருந்தால் எடுத்துக்கொண்டீர்கள். அவர் மனம் மாறாவிட்டாலும் பரவாயில்லை.

‘எனக்கு யாரும் குறை சொன்னதே இல்லை’ என்ற பதிலை மட்டும் எந்தக் கேள்விக்கும் சொல்லாதீர்கள்.

பாதுகாப்பு

• வாடிக்கையாளர் பெயர், விலை, நோயாளி விவரம், வெளிவராத தயாரிப்பு எதையும் சொல்லாதீர்கள். ரகசியக் காப்பு ஒப்பந்தம் வேலையை விட்ட பிறகும் தொடரக்கூடியது. ‘ஓர் ஐரோப்பிய பையர்’, ‘ஒரு வங்கி வாடிக்கையாளர்’ என்றால் போதும்.
• குறை சொன்னவரின் பெயரைச் சொல்லாதீர்கள். ‘என் மேனேஜர்’ போதும். ஒரே தொழிலில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருப்பார்கள்.
• ஆஃபர் வந்த பிறகு நடக்கும் பின்னணிச் சரிபார்ப்பில் பழைய மேலாளரிடமும் பேச வாய்ப்புண்டு. அவர் காதில் விழுந்தால் மறுக்க முடியாத கதையை மட்டும் சொல்லுங்கள்.

நேர்காணலிலேயே குறை சொன்னால்

சில நேர்காணல்களில் கேள்வியைக் கேட்பதோடு நிறுத்தாமல் அங்கேயே சோதித்தும் பார்ப்பார்கள். ‘உங்க பதில் ரொம்ப நீளமா இருக்கு’, ‘இந்த டிசைன் எனக்குச் சரியாப் படல’ என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். வேண்டுமென்றே சொல்வதாகவும் இருக்கலாம், உண்மையிலேயே சலிப்பாகவும் இருக்கலாம். உங்களுக்கு அந்த வித்தியாசம் தேவையில்லை. செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. ஒரு மூச்சு விடுங்கள். சிரித்து மழுப்பாதீர்கள், மூன்று தடவை ‘சாரி’ சொல்லாதீர்கள்.
2. கேட்டதை உங்கள் சொல்லில் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள்: ‘முடிவை முதல்ல சொல்லியிருக்கணும்னு சொல்றீங்க, சரிங்களா?’
3. தெளிவில்லை என்றால் ஒரே ஒரு கேள்வி: ‘டிசைன்ல எந்தப் பகுதி சார், டேட்டாபேஸா, கேஷா?’
4. அடுத்த பதிலிலேயே மாற்றிக் காட்டுங்கள். நீளம் என்றார்களா, அடுத்ததை நான்கு வாக்கியத்தில் முடியுங்கள். டிசைன் என்றார்களா, போர்டில் அந்தப் பெட்டியை அழித்துவிட்டு மாற்றி வரையுங்கள். உங்கள் டிசைன்தான் சரி என்று காரணத்தோடு தெரிந்தால், அவர் கவலை என்ன என்று கேட்டு, அந்தக் கவலைக்கு உங்கள் டிசைனில் எங்கே விடை இருக்கிறது என்று காட்டுங்கள்.